குரலிலிருந்து அச்சுக்கு: பணித்தாளையும் ஸ்லைடையும் சொல்லி எழுதுவோம்

புதுச்சேரி மாநில அரசுப் பள்ளிகள் படிப்படியாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. 2024-25 கல்வியாண்டில் 10, 12ஆம் வகுப்புகளும் அதில் சேர்ந்தன. நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படும் பாடநூலில் அரசலாறு இடம்பெறாது. கிளிஞ்சல்மேட்டு மீனவர் குடியிருப்பும் இடம்பெறாது. அதை நாம் எதிர்பார்க்கவும் முடியாது. ஆறு என்றால் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது தன் ஊர் ஆறுதான். அங்கிருந்து தொடங்கிப் பாடநூலுக்கு அழைத்துச் செல்லும் ஒரு பக்கப் பணித்தாளையோ நான்கு ஸ்லைடுகளையோ அந்த ஊரில் பாடம் நடத்தும் ஆசிரியர்தான் உருவாக்க வேண்டும்.

பலருக்கு இதில் தடையாக இருப்பது தட்டச்சு. சொல்ல வேண்டிய செய்தி மனத்தில் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை பழக்கத்தில் இல்லை. கையால் எழுதி டி.டி.பி. கடைக்குக் கொடுத்தால் பணமும் நாளும் செலவாகும். திருத்தத்துக்கு மீண்டும் ஒருமுறை நடக்க வேண்டும். இதனாலேயே நல்ல பணித்தாள்கள் பல எழுதப்படாமல் போகின்றன.

கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைத் தன் குரல் தட்டச்சில் சேர்த்தது. அன்று முதல், பேசினால் தமிழ் எழுத்தாக மாறும் வசதி நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் பேசியது அப்படியே பக்கமாகிவிடாது. சொல்வது, திருத்துவது, பக்கத்தில் அமர்த்துவது என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தை மட்டும் கற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவோர்தான் "இதெல்லாம் தமிழுக்குச் சரிவராது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

கருவி எங்கே இருக்கிறது?

புதிதாக எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மூன்று எளிய வழிகள் உள்ளன.

1. கைப்பேசி வழி. ஜிபோர்டு விசைப்பலகையின் அமைப்புகளில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் எழுத்து வரும். கூகுள் டாக்ஸ் செயலியில் ஒரு கோப்பைத் திறந்து அதில் பேசிவிட்டால், அதே கோப்பைப் பள்ளிக் கணினியில் திறந்து வேலையைத் தொடரலாம். ஒலிவாங்கி இல்லாத கணினி ஆய்வகத்துக்கு இதுவே பொருத்தமான வழி.

2. கணினியில் கூகுள் டாக்ஸ். குரோம் உலாவியில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழிப் பட்டியலில் தமிழ், இந்தியா என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் இந்த வசதி திறக்கும்.

3. விண்டோஸ் 11 கணினி. உள்ளீட்டு மொழிகளில் தமிழைச் சேர்த்தபின், விண்டோஸ் விசையுடன் ஹெச் விசையை அழுத்தினால் சிறிய குரல் பெட்டி ஒன்று தோன்றும். கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே எழுத்து விழும். அதனால் வேர்டு, பவர்பாயிண்ட் இரண்டிலும் நேரடியாகச் சொல்லி எழுதலாம்.

மூன்றுக்கும் பொதுவாக இணைய இணைப்பு தேவை. நம் குரல் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குச் சென்று எழுத்தாகத் திரும்பி வருகிறது. இதனால் எழும் ஒரு பொறுப்பைப் பிறகு பார்ப்போம்.

எப்படிச் சொல்வது?

கருவி நம் பேச்சைத் தனித்தனிச் சொல்லாகப் புரிந்துகொள்வதில்லை. ஒலியைக் கேட்டு, அந்த இடத்தில் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று முன்பின் சொற்களைக் கொண்டு கணிக்கிறது. நம் பகுதிப் பேச்சில் "கரை", "கறை" இரண்டும் ஒரே ஒலிதான். "கரை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எது வரும் என்பது கருவியின் ஊகம். "ஆற்றின் கரையில் மரங்கள் இருக்கின்றன" என்று முழுத் தொடராகச் சொன்னால் சரியான எழுத்து விழும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் தொடரை மனத்தில் முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வது உதவும் என்று தோன்றும். உண்மையில் அது தவறுகளைக் கூட்டும்.

இரண்டாவது, நடை. "வந்துச்சு", "போனாங்க" என்று பேசினால் அது பேச்சு வடிவிலேயே வரலாம்; அரைகுறையாக எழுத்து வடிவத்துக்கு மாறியும் வரலாம். பாடப்பொருளுக்குப் பாடநூல் வாசிப்பது போல எழுத்து நடையில் சொல்லுங்கள். கதையில் வரும் உரையாடலை மட்டும் பேச்சு வழக்கில் வைத்துக்கொண்டு, அந்த வரிகளைப் பின்னர் கையால் சரிசெய்யலாம்.

மூன்றாவது, நிறுத்தக்குறி. ஆங்கிலத்தில் குறியின் பெயரைச் சொன்னால் கூகுள் டாக்ஸ் அந்தக் குறியை இட்டுவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு தொடர் முடிந்ததும் பேச்சை நிறுத்தி என்டர் விசையைத் தட்டுங்கள். ஒரு வரிக்கு ஒரு தொடர் என்று அமைந்துவிட்டால் முற்றுப்புள்ளி இடுவதும் திருத்துவதும் எளிது.

நான்காவது, ஊர்ப் பெயர்கள். திருமலைராயன்பட்டினம், அம்பகரத்தூர், கோட்டுச்சேரி, விழிதியூர் போன்ற பெயர்களும், பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக நம் நிர்வாகத்தில் நிற்கும் "கொம்யூன்" என்ற சொல்லும் கருவிக்கு அதிகம் பழக்கமில்லாதவை. ஒவ்வொரு முறையும் அவற்றோடு போராட வேண்டாம். அந்த இடத்தில் எளிய சொல் ஒன்றை, எடுத்துக்காட்டாக "தாமரை" என்று, சொல்லிக்கொண்டே போங்கள். முடிந்ததும், தேடி மாற்றும் வசதியில் "தாமரை" என்பதைத் "திருமலைராயன்பட்டினம்" என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம். அந்தச் சொல் பாடத்தில் வேறெங்கும் வராததாக இருக்க வேண்டும்.

மின்விசிறிக்கு நேர்கீழே அமர வேண்டாம். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடித்தால் போதும்.

திருத்தம்: ஆசிரியர் வேலை இங்கேதான்

நான்காம் வகுப்புக்கு ஒரு வாசிப்பு அட்டை தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லி முடித்தபின் திரையில் இப்படி இருக்கிறது:

அரசலாற்றின் கறையில் படகுகள் நிற்கின்றன மீனவர்கள் விடியற்காலையில் கடலுக்கு போகிறார்கள் வலை முழுவதும் பணியில் நனைந்திருக்கிறது மத்தியும் கனவாயும் கிடைத்தால் கூடை கூடையாக ஏலத்துக்கு போகும்

திருத்திய வடிவம்:

அரசலாற்றின் கரையில் படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் விடியற்காலையில் கடலுக்குப் போகிறார்கள். வலை முழுவதும் பனியில் நனைந்திருக்கிறது. மத்தியும் கணவாயும் கிடைத்தால் கூடை கூடையாக ஏலத்துக்குப் போகும்.

மொத்தம் ஒன்பது திருத்தங்கள். எழுத்துப் பிழை மூன்று, விடுபட்ட வல்லொற்று இரண்டு, முற்றுப்புள்ளி நான்கு. இவற்றுள் "கறை", "பணி" இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். சொல்திருத்தி அவற்றின் கீழ் சிவப்புக் கோடு போடாது. பொருள் தெரிந்த மனிதர் வாசித்தால் மட்டுமே இந்தப் பிழை கண்ணில் படும். அதனால் சொல்லி எழுதிய எதையும் வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. குழந்தை ஒரு சொல்லை முதன்முதலாகப் பார்ப்பது நம் பணித்தாளில் என்றால், அதில் உள்ள பிழையைத்தான் சரியான வடிவமாக மனத்தில் பதித்துக்கொள்ளும்.

திருத்தும்போது மூன்று சுற்றாகப் பாருங்கள். முதல் சுற்றில் ர-ற, ன-ண-ந, ல-ள-ழ ஆகிய எழுத்துகளை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றில் வேற்றுமை உருபுகளான ஐ, கு ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வரும் இடங்களில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் சுற்றில் எண்களும் நிறுத்தக்குறிகளும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் தேடினால் எதுவும் முழுதாகக் கிடைக்காது.

இந்தத் திருத்தமே மேல்வகுப்புகளில் நல்ல மொழிப்பாடமாகும். திருத்தாத வடிவத்தைத் திரையில் காட்டி, ஒன்பது பிழைகளையும் குழுவாகக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். "கடலுக்கு போகிறார்கள்" என்பதில் ஒற்று ஏன் மிக வேண்டும் என்ற கேள்வி அங்கே இயல்பாக எழும். நான்காம் வேற்றுமையைத் தனிப்பாடமாக நடத்துவதைவிட இது நன்றாக மனத்தில் நிற்கும்.

பக்க வடிவமைப்புக்குப் போகும்போது

குரல் தட்டச்சில் நன்றாக வந்த தமிழ், பேஜ்மேக்கரில் ஒட்டியதும் வெறும் கேள்விக்குறிகளாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் "இந்த ஃபாண்ட் எங்களிடம் இல்லை" என்பார். உண்மைக் காரணம் எழுத்துக் குறியேற்றம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். பாமினியில் "அம்மா" என்று தெரிவதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகளாகவே சேமித்திருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் அந்த ஆங்கிலக் குறிகள் வெளியே தெரியும். ஒருங்குறியில் அப்படியில்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. "கொ" என்பதைப் பழைய முறையில் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்களாக அடிக்க வேண்டும். ஒருங்குறியில் ககர எழுத்தும் ஒகரக் குறியும் என்று இரண்டே எண்கள்தான். கொம்பை முன்னால் கொண்டுபோய்ப் போடுவது மென்பொருளின் வேலை.

குரல் தட்டச்சு தருவது எப்போதும் ஒருங்குறித் தமிழ். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு ஒருங்குறி தெரியாது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை அறிமுகப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. ஆனாலும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருவும் பேஜ்மேக்கரும் இன்னும் ஓடுகின்றன. தீர்வு இரண்டு வகை.

முதல் வகை, ஒருங்குறியிலேயே பக்கத்தை முடிப்பது. பணித்தாளுக்கு வேர்டோ லிப்ரே ஆபிஸ் ரைட்டரோ போதும். ஆண்டு மலர் போலப் பல பத்திகளும் படங்களும் கொண்ட வேலைக்கு ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பைப் பயன்படுத்தலாம். இது இலவச மென்பொருள், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும். இன்டிசைனில் வேலை செய்பவரிடம், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி பாராகிராப் கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் பழைய கோப்புகளை வைத்திருப்போர் அவற்றை இப்போதே பி.டி.எஃப். ஆகவும் மாற்றிச் சேமித்துக்கொள்வது நல்லது. 2026 அக்டோபருடன் அதற்கான ஆதரவை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது.

எழுத்துருவாகக் கணினியில் உள்ள நிர்மலா, லதா ஆகியவற்றையோ இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழையோ பயன்படுத்தலாம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்தளவு 20க்குக் குறைய வேண்டாம். முடித்ததும் பி.டி.எஃப். ஆக மாற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். பி.டி.எஃப். கோப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் கடையில் எழுத்து மாறாது.

இரண்டாவது வகை, அச்சகம் பேஜ்மேக்கர் கோப்புதான் வேண்டும் என்றால், ஒருங்குறியைப் பழைய குறியேற்றத்துக்கு மாற்றுவது. இதற்கு நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றிய பின் பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மேற்கோள் குறிகளையும் தனியாகச் சரிபாருங்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சொல்லும் தமிழ் வடிவமாகத் தெரிந்து பொருளற்றுப் போகும். அந்தச் சொற்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவைக் கொடுக்க வேண்டும்.

ஸ்லைடுக்குச் சொல்லும்போது

ஸ்லைடில் நேரடியாகப் பேசி எழுதினால் ஒரு சிக்கல் வரும். வாய் திறந்தால் பத்தி பத்தியாக வரும். ஸ்லைடுக்கோ நான்கு வரிக்கு மேல் ஆகாது. முழுப் பத்தியைத் திரையில் வைத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நாம் சொல்வதைக் கேட்க மாட்டார்கள்.

எனவே குரலைக் குறிப்புப் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்லைட்ஸில் குரல் தட்டச்சு வசதி பேச்சாளர் குறிப்புகளுக்கே தரப்பட்டிருக்கிறது. டூல்ஸ் பட்டியலில் அதைக் காணலாம். நாம் விளக்கிப் பேசப்போவதை அங்கே முழுமையாகச் சொல்லி எழுதலாம். ஸ்லைடில் திறவுச்சொற்கள் மட்டும் இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய ஸ்லைடில் மூன்று வரிகள் போதும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள்கள், மீன்களின் இனப்பெருக்கத்துக்காக. விசைப்படகுகள் ஏன் நிறுத்தப்படுகின்றன, அந்த இரண்டு மாதம் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன, தடை முடிந்து படகுகள் புறப்படும் நாளில் துறைமுகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் குறிப்புப் பகுதியில் இருக்கட்டும். அந்த வகுப்பை அடுத்த ஆண்டு வேறொருவர் எடுத்தால் குறிப்புகளை வாசித்தே பாடத்தை நடத்தலாம்.

முழுப் பாடத்தையும் ஒரே அமர்வில் சொல்லி முடிக்க விரும்பினால் இன்னொரு வழி உண்டு. வேர்டில் சொல்லி எழுதுங்கள். ஸ்லைடின் தலைப்பாக வேண்டிய வரிக்கு ஹெடிங் 1 பாணியையும், உள்வரிகளுக்கு ஹெடிங் 2 பாணியையும் கொடுத்துச் சேமியுங்கள். பவர்பாயிண்டில் நியூ ஸ்லைடு பட்டியலின் கீழே ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால், ஒவ்வொரு தலைப்பும் ஒரு ஸ்லைடாக வந்து அமரும். பத்து ஸ்லைடுகளைத் தனித்தனியே உருவாக்கும் நேரம் மிச்சம்.

பிள்ளைகள் சொல்வதும் பாடமாகும்

பிரான்ஸ் நாட்டில் செலஸ்தென் ஃப்ரெனே (1896-1966) என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் அவரால் நீண்ட நேரம் குரலெடுத்துப் பாடம் நடத்த முடியவில்லை. 1920களில் அவர் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் வெளியே போய்ப் பார்த்ததைச் சொன்னார்கள், எழுதினார்கள். பின் எழுத்தெழுத்தாகக் கோத்துத் தாங்களே அச்சிட்டார்கள். அந்தத் தாள்களே அவர்களின் வாசிப்பு நூலாயின. மற்றப் பள்ளிகளுக்கும் அஞ்சலில் போயின.

அவருக்கு ஈய எழுத்து தேவைப்பட்டது. நமக்கு ஒரு கைப்பேசியும் ஒரு அச்சுப்பொறியும் போதும். எழுதத் தயங்கும் பிள்ளையும், கற்றல் குறைபாட்டால் எழுத்துகளைக் கோர்வையாக எழுத முடியாத பிள்ளையும் வாயால் சொல்லும்போது தடுமாறுவதில்லை. அப்பா வலை பின்னுவதைப் பற்றி அந்தப் பிள்ளை சொல்லும் நான்கு தொடர்களை அன்றே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்துப் பாருங்கள். தான் சொன்னதையே வாசிப்பதால் அடுத்து வரும் சொல்லை அதனால் ஊகிக்க முடிகிறது. வாசிப்பின் மேல் இருந்த அச்சம் குறைகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தகைய பிள்ளைகளுக்குக் குரல் தட்டச்சு ஆடம்பரம் அன்று; எழுத்துலகுக்குள் நுழையும் கதவு.

கவனிக்க வேண்டிய இரண்டு

குரல் இணையம் வழியாக வெளியே போகிறது என்று முன்னரே பார்த்தோம். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. எளிய வழி, பிள்ளை சொல்வதைக் கேட்டு அதே தொடரை ஆசிரியர் தன் குரலில் சொல்வதுதான். பிள்ளையின் பெயர், முகவரி, உடல்நலம் பற்றிய செய்திகளைச் சொல்லி எழுத வேண்டாம். பெயரை அச்சிட்ட பின் கையால் எழுதிக்கொள்ளலாம். தேர்வு வினாத்தாள்களையும் குரல் தட்டச்சில் தயாரிக்க வேண்டாம். பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பது ஒன்று. பலர் பயன்படுத்தும் கணினியில் கோப்பு திறந்தே கிடக்கும் என்பது இன்னொன்று.

தொடங்குவதற்கு

இந்த வாரம் ஒரு வாசிப்பு அட்டை, ஐந்து தொடர்கள் போதும். சொல்லுங்கள், மூன்று சுற்றாகத் திருத்துங்கள், பி.டி.எஃப். ஆக்கி அச்சிடுங்கள். அடுத்த வாரம் அதே பொருளில் நான்கு ஸ்லைடுகள். ஒரு கொம்யூனில் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஆளுக்கு ஓர் அட்டையை ஒருங்குறிக் கோப்பாகவே பகிர்ந்துகொண்டால், ஆண்டு முடிவில் அந்தக் கொம்யூனின் ஆறு, தொழில், திருவிழா, பயிர், மீன் எல்லாம் அடங்கிய வாசிப்புத் தொகுப்பு ஒன்று கையில் இருக்கும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஓர் அச்சகத்தோடு முடிந்துவிடும். ஒருங்குறியில் உள்ளதை எந்த ஆசிரியரும் எந்த ஆண்டும் திறக்கலாம், தன் வகுப்புக்கு ஏற்பத் திருத்தலாம்.